ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த காய், கீரை சாப்பிட்டால் புற்றுநோய் வராதா?

கேள்வி இதுதான்: "நெல்லிக்காய், முருங்கைக்கீரை, மஞ்சள், கிரீன் டீ எல்லாவற்றிலும் ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறது, தினமும் சேர்த்துக்கொண்டால் புற்றுநோய் வராது என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். உண்மையா? அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. அவருக்கும் எனக்கும் சேர்த்து ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் வாங்கலாமா?"

கேப்ஸ்யூல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்க வேண்டாம். உங்களுக்கு அது தண்டச் செலவு. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்குக் கெடுதலாகவே முடியலாம். கீரை, காய், பழம், பயறு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அவை நல்லது செய்வதற்கு 'ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்' என்பது காரணமல்ல, இருந்தாலும் அது சின்னக் காரணம்தான். இது பிடிபட்டால் இனி வரும் எந்தப் பொடியையும் எந்தச் சாற்றையும் நீங்களே எடைபோட்டுவிடலாம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அடிப்படைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு, செல்லுக்குள் ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் துடிப்பான மூலக்கூறுகளாக மாறுகிறது. புகையிலும் வெயிலிலும் வீக்கத்திலும் அவை இன்னும் கூடும். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் அவை விட்டுவைப்பதில்லை. முதுமைக்கே இதுதான் காரணம் என்று 1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு கொள்கையை முன்வைத்தார். டி.என்.ஏ. பழுதானால் புற்றுநோய் வரும். ஃப்ரீ ரேடிக்கலை அடக்கினால் பழுது குறையும். அடக்கும் பொருள் செடிகொடிகளில் கொட்டிக் கிடக்கிறது. ஆக, செடியைத் தின்றால் புற்றுநோய் வராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய பெரிய விஞ்ஞானிகளே இதை நம்பித்தான் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்தார்கள்.

அந்தச் சோதனைகளுக்கு வருமுன், 'இந்தக் கீரையில் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்' என்ற செய்தி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். கல்லூரி ஆய்வகத்தில் வருடக்கணக்கில் நின்றவன் என்பதால் இதை நெருங்கிப் பார்த்திருக்கிறேன்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். டி.பி.பி.ஹெச். என்று ஒரு ரசாயனம் உண்டு. அதை மெத்தனாலில் கரைத்தால் நல்ல கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். அதில் இலைச்சாற்றைச் சில துளி விட்டு, அரைமணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தால் நிறம் வெளுத்து மஞ்சளாகியிருக்கும். 517 நானோமீட்டர் ஒளியில் வைத்து எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் படித்து, வைட்டமின் சி-யோடு ஒப்பிட்டு ஒரு எண் போடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். விலை குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும், தோற்கவே தோற்காது. காபி டிகாக்‌ஷனை விட்டாலும் மஞ்சளாகும், கொய்யா இலையை விட்டாலும் ஆகும், புளியங்கொட்டைத் தோலை விட்டாலும் ஆகும். ஃபீனால் வகைப் பொருள் இல்லாத செடி கிடையாது. அதனால்தான் முதுகலை மாணவர்களின் புராஜெக்ட்டில் பாதி இதுவாக இருக்கிறது. அதனால்தான் வாரத்துக்கு ஒரு இலை 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று செய்தியில் வருகிறது. டி.பி.பி.ஹெச். என்பது நம் உடம்பில் எங்குமே இல்லாத ஒரு செயற்கை மூலக்கூறு. மெத்தனாலில் அதன் நிறம் மாறுவதற்கும் உங்கள் குடலில் நடப்பதற்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை.

இதே மாதிரி 'ஓராக்' என்று இன்னொரு அளவு. எந்த உணவில் எத்தனை ஓராக் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. கிராம்பும் பட்டையும் அதில் மேல்வரிசை. நூறு கிராம் கிராம்பை யார் உட்கார்ந்து தின்பது என்று யாரும் கேட்கவில்லை. 2012-ல் அந்தத் துறையே பட்டியலைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சத்துமாத்திரை விற்பவர்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், உடல்நலத்தோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று காரணமும் சொன்னது. பாட்டில்களின் லேபிளில் மட்டும் ஓராக் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அடுத்த படி, 'புற்றுநோய் செல்லைக் கொன்றது' என்ற செய்தி. ஆய்வகத் தட்டில் வளர்த்த ஹீலா, எம்.சி.எஃப்-7 போன்ற மனிதப் புற்றுநோய் செல்களின் மேல் சாற்றை ஊற்றி எத்தனை சாகின்றன என்று எண்ணுவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின் போன்ற பாலிஃபீனால்களையும் வைட்டமின் சி-யையும் செல் வளர்க்கும் திரவத்தில் விட்டால், அங்கே அவை தாமே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகின்றன. அந்தப் பெராக்சைடில்தான் பல சமயம் செல்கள் சாகின்றன. இந்தத் துறையில் மூத்தவரான பேரி ஹாலிவெல் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார். ஆக, ஆன்டிஆக்சிடன்ட் என்று நாம் கொண்டாடும் பொருள் தட்டில் அதற்கு நேரெதிரான வேலையைச் செய்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது.

சரி, வாய்வழியே உள்ளே போனால்? பெரும்பாலான பாலிஃபீனால்கள் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உடனே வேறு வடிவமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ரத்தத்தில் சில மணி நேரத்துக்கு மட்டும், மிகக் குறைந்த அளவில் இருக்கும். வைட்டமின் சி-யும் அப்படித்தான். நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராமுக்குள் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டிவிடும், அதற்கு மேல் விழுங்குவது கழிவறைக்குத்தான். நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருப்பது உண்மை. அதனால்தான் ஒரு காய் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறியது. ஆகா, ஆப்பிளின் ஃபிளேவனாய்டுகள் வேலை செய்கின்றன என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் அதோடு நிற்காமல், ஆப்பிளில் உள்ள அளவு ஃபிரக்டோஸ் சர்க்கரையை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அதே அளவு ஏறியது. காரணம், ஃபிரக்டோஸ் ரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது, யூரிக் அமிலம் ஒரு வலுவான ஆன்டிஆக்சிடன்ட். அந்த எண்ணை ஏற்றுவதுதான் குறிக்கோள் என்றால் ஆப்பிளே வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் போதும்!

இனி மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகள். இவைதான் இந்தப் பதிலின் மையம்.

1981-ல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்ட சிலர் 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: பீட்டா கரோட்டின் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருக்கிறதே, அந்தப் பொருளை மட்டும் கொடுத்தால் புற்றுநோயைக் குறைக்க முடியுமா? கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் நிறம் தருகிற அதே பொருள். அவர்கள் நிதானமாக, சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்றுதான் எழுதினார்கள். சோதனையும் நடந்தது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர், 50 முதல் 69 வயதுவரை. சிலருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்து, 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அதிர்ஷ்டப் பிசகோ என்று பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் 'கேரட்' என்றே உச்சரிக்கப்படும் இன்னொரு சோதனை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேர். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-வும் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், முடிய வேண்டிய தேதிக்கு 21 மாதம் முன்பே நிறுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியிருந்தன. அதே சமயத்தில் அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் சுமார் 12 வருடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டினால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவர்களில் புகைபிடிப்பவர்கள் குறைவு.

அப்புறம் வைட்டமின் ஈ, செலினியம். புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்த 'செலெக்ட்' சோதனை 2008-ல் பலன் தெரியாமல் நின்றது. மாத்திரையை நிறுத்திய பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-ல் வந்த கணக்கில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

ஒரு சோதனையில் மட்டும் கதை வேறு. சீனாவின் லின்சியன் பகுதியில் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்கள் மிக அதிகம். மக்களோ சத்துக்குறைவில் இருந்தவர்கள். அங்கே சுமார் 30,000 பேருக்குப் பல சத்துக் கலவைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களிடம் புற்றுநோய் இறப்பு 13 சதவீதம் குறைந்ததாக 1993-ல் வெளியிட்டார்கள். இதையும் ஃபின்லாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: பள்ளத்தை நிரப்புவது வேறு, மேட்டில் மண் கொட்டுவது வேறு. சத்துக்குறைவு உள்ளவருக்கு அது உதவும். மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு மேலும் மேலும் ஏற்றுவது உதவாது.

ஏன் கெடுதல் செய்தது? ஃப்ரீ ரேடிக்கலை வில்லனாக மட்டும் பார்த்ததுதான் கோளாறு. கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கெட்டுப்போன செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கும் அது தேவை. புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும்போது அதற்குள்ளேயே ஃப்ரீ ரேடிக்கல் நெருக்கடி அதிகம். அந்த நெருக்கடியே அதற்கு ஒரு கடிவாளம். வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் கடிவாளம் தளர்கிறது. ஸ்வீடனில் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2014-ல் எலிகளிடம் இதைக் காட்டினார்கள்: ஏற்கனவே நுரையீரலில் சிறு கட்டி தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ-யும் என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்டும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது, எலிகள் சீக்கிரம் செத்தன. புகைபிடிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டி தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்பதை நினைத்துக்கொண்டால், ஃபின்லாந்தில் நடந்தது அவ்வளவு ஆச்சரியமாகத் தோன்றாது. புற்றுநோயைத் தடுக்கவென்று பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மாத்திரைகளை எடுக்க வேண்டாம் என்றே அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-ல் பரிந்துரைத்தது.

அப்படியானால் காய்கறி சாப்பிடுவது வீணா? இல்லை. அவை செய்வது வேறு வேலை.

முதல் இடம் நார்ச்சத்துக்கு. விளம்பரத்தில் அழகில்லாத பொருள், ஆனால் உங்கள் வீட்டுக் கேள்விக்கு நேரடிப் பதில் இதில்தான் இருக்கிறது. நார்ச்சத்தை நாம் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலமாக்குகிறது. பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். மலம் குடலில் தங்கும் நேரமும் குறைகிறது. தினசரி நார்ச்சத்து 10 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் கணக்கிட்டார்கள். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கரண்டி பொரியலும் சேர்ந்தால் அந்த 10 கிராம் ஏறக்குறைய வந்துவிடும். வெள்ளைச் சோற்றில் அது மிகக் குறைவு. கீரையை மிக்ஸியில் அடித்து வடிகட்டிச் சாறு மட்டும் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எது வேலை செய்யுமோ அதைச் சக்கையென்று கொட்டிவிட்டு நிறத்தைக் குடிக்கிறார்கள்.

அடுத்தது கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, கடுகு என்ற குடும்பம். முருங்கையும் இதற்குத் தூரத்து உறவுதான். இவற்றில் குளுக்கோசினோலேட் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நறுக்கும்போதோ கடிக்கும்போதோ இரண்டும் கலந்து ஐசோதயோசயனேட் உண்டாகிறது. பச்சைக் கடுகை அரைத்துச் சேர்த்த பச்சடியைச் சாப்பிடும்போது மூக்கில் சுர்ரென்று ஏறுகிறதே, அது இதுதான். செடியைப் பொறுத்தவரை இது பூச்சியை விரட்டும் விஷம். நம் செல்லும் இதைக் கொஞ்சம் விஷமாகவே எடுத்துக்கொண்டு, நச்சை வெளியேற்றும் தன்னுடைய சொந்த நொதிகளைக் கூட்டுகிறது. கோஸின் உறவான பிரக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற இவ்வகைப் பொருளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் 1992-ல் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் சீனாவில் காற்று மாசு மிகுந்த சீடோங் பகுதியில் சுமார் 300 பேருக்கு 12 வாரம் பிரக்கோலி முளைப் பானம் கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீர் வழியே வெளியேறும் பென்சீன் கழிவு 61 சதவீதம் கூடியது. 2014-ல் வந்த ஆய்வு இது. பென்சீன் வெளியேறியதைத்தான் அளந்தார்கள், புற்றுநோய் குறைந்ததை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே நடப்பது செடி நமக்கு ஆன்டிஆக்சிடன்ட் தருவது அல்ல. நம் உடம்பை அதன் சொந்த ஆன்டிஆக்சிடன்டைத் தயாரிக்கத் தூண்டுவது. அதுவும் உணவளவில் இருக்கும்வரை நல்லது. பல நுரையீரல் புற்றுநோய்களில் இதே தூண்டல் சுவிட்சைக் கட்டி தனக்காக நிரந்தரமாகப் போட்டுவைத்துக்கொள்கிறது என்பதால், சல்ஃபோராஃபேன் மாத்திரையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சமையல் குறிப்பு ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது. அந்த நொதி சூடு தாங்காது. கோஸை நறுக்கியதும் அடுப்பில் போடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து வதக்குங்கள். கடுகைக் கொதிக்கும் எண்ணெயில் வெடிக்கவிட்டால் வாசனை கிடைக்கும், நொதி போய்விடும். வெந்த காயில் இறக்கும்போது ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப்பொடி தூவினால் அது அந்த வேலையைச் செய்யும். கேரட், தக்காளி, கீரையில் உள்ள கரோட்டினாய்டுகளுக்கு நேர்மாறு: வேகவைத்து ஒரு ஸ்பூன் எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால்தான் நன்றாக உடம்பில் ஒட்டும்.

மொத்தப் பலன் எவ்வளவு? ஐரோப்பாவில் 10 நாடுகளில் 4 லட்சத்து 78 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த 'எபிக்' ஆய்வு 2010-ல் சொன்ன கணக்கு: தினம் காயும் பழமும் 200 கிராம் கூடுதலாகச் சாப்பிடுவோருக்கு ஒட்டுமொத்தப் புற்றுநோய் அபாயம் 3 சதவீதம் குறைவு. மூன்றுதான். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் எடைக்கும் கிடைக்கும் நன்மை தனி. புகையிலை, மது, உடல் பருமன், மஞ்சள்காமாலை பி வைரஸ், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் ஆன்டிஆக்சிடன்ட் பேச்சு எவ்வளவு சிறியது என்று தெரியும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் மற்றவரைவிட 15 முதல் 30 மடங்கு. அதை எந்தக் கீரையாலும் ஈடுகட்ட முடியாது.

மஞ்சளைப் பற்றி இரண்டு வார்த்தை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் கிட்டத்தட்ட உறிஞ்சப்படுவதே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் 20 மடங்கு கூடும் என்று 1998-ல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டியதைத்தான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. ஒன்றுமில்லாததன் 20 மடங்கு பெரிதாக ஒன்றுமில்லை. கூடவே பைப்பரின் மற்ற மருந்துகளையும் ரத்தத்தில் தேக்கிவைக்கும். குழம்பில் போடும் மஞ்சள், ராத்திரி குடிக்கும் மஞ்சள் பால் எதற்கும் பயமில்லை. ஆனால் உறிஞ்சும் திறன் கூட்டிய குர்குமின் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதித்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள்.

'ஆன்டிஆக்சிடன்ட் இருக்கிறது, ஆகவே நல்லது' என்ற தர்க்கம் எவ்வளவு ஓட்டை என்பதற்கு நம் வெற்றிலைத் தட்டே சாட்சி. வெற்றிலைச் சாறு டி.பி.பி.ஹெச். சோதனையில் பிரமாதமாகத் தேறும். பாக்கிலும் கேட்டச்சின், டானின் என்று பாலிஃபீனால்கள் ஏராளம். கிரீன் டீயில் புகழப்படும் அதே குடும்பம். சுண்ணாம்பைத் தடவி மென்றதும் வாய் சிவக்கிறதே, அது அந்தப் பாலிஃபீனால்கள் காரத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வரும் சிவப்பு. அந்த வினையிலேயே சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வாய்க்குள் உற்பத்தியாகின்றன. இதோடு பாக்கின் அரிக்கோலினும் சேர்ந்து கன்னத்தின் உட்பகுதியை இறுக்கி, வாயைத் திறக்கமுடியாத நிலைக்கும் பிறகு புற்றுநோய்க்கும் கொண்டுபோகும். புகையிலை சேர்க்காத பாக்கும்கூட மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் இருக்கும் அஃப்ளாடாக்சினும் அதே வகுப்புதான், அது கல்லீரலைத் தாக்கும். சொத்தைக் கடலையை எண்ணெய்க்கு அனுப்பாமல் தூக்கிப் போடுவது, நெல்லிக்காய் சாப்பிடுவதைவிட உறுதியான புற்றுநோய்த் தடுப்பு.

செடியிலிருந்து புற்றுநோய் மருந்தே வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தன. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துப் போனதில்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்தது. அது செல் பிரியும் இயந்திரத்தையே நிறுத்துகிற விஷம், ஆன்டிஆக்சிடன்ட் அல்ல. மில்லிகிராம் கணக்கில், ஊசியில், கண்காணிப்போடு போட வேண்டியது. இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது ஆபத்து. முள்சீத்தா இலையும் அப்படியே. கீமோவைவிட 10,000 மடங்கு வலுவானது என்று சுற்றும் செய்திக்கு மூலம், அதிலிருந்து பிரித்த ஒரு தனிப்பொருளை ஆய்வகச் செல்லில் விட்டுப் பார்த்தது. மனிதர்களிடம் அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. நிரூபணத்துக்கு நெருக்கமாக இருப்பது வேறொன்று: கரீபியத் தீவான குவாதலூப்பில் முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகமாக இருப்பதை 1999-ல் மருத்துவர்கள் கவனித்தார்கள்.

இப்போது உங்கள் அப்பா. பல கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் ஃப்ரீ ரேடிக்கலை உண்டாக்கித்தான் ஓரளவாவது கட்டியைக் கொல்கின்றன. அந்த நேரத்தில் ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல் கொடுப்பது மருந்தின் கையைக் கட்டுவதாகலாம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களை வைத்து அமெரிக்காவில் 2020-ல் வந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் இவற்றை எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தென்பட்டது. எண்ணிக்கை சிறியது, முடிந்த முடிவல்ல. ஆனால் ஒதுங்கியிருக்க அது போதும். பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்னொரு தனி எச்சரிக்கை உண்டு. கேப்சிடபின் மாத்திரையோ 5-எஃப்.யூ. ஊசியோ கொடுக்கிறார்கள் என்றால், ஃபோலிக் ஆசிட் கலந்த மல்டிவைட்டமின் அதன் பக்கவிளைவைக் கூட்டிவிடும். 'சும்மா சத்து மாத்திரைதானே' என்று கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பொடி டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடமே காட்டிவிடுங்கள், சித்த மருந்து உட்பட.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் அருகம்புல் சாறு, பச்சைக் கீரைச் சாறு, கடையில் நறுக்கி விற்கும் பழம் வேண்டாம். வேகவைத்ததும், வீட்டில் கழுவித் தோலுரித்ததும் போதும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுக்கிறார்கள் என்றால் ஐஸ் போட்ட ஜூஸ் தொண்டையை இறுக்கிப் பிடிக்கும், வெதுவெதுப்பாகவே கொடுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது மேலே நான் புகழ்ந்த நார்ச்சத்தையே குறைக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் அவருக்கு எடை குறையாமல் இருப்பதும் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் போவதும்தான் முக்கியம்.

உங்களைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு உருப்படியான பதில் ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு அபாயம் கூடுதல். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு முளையாகத் தொடங்கிப் பல வருடம் கழித்துத்தான் மாறுகிறது. கொலனோஸ்கோப்பியில் அந்த முளையைப் பார்த்த அன்றே வெட்டி எடுத்துவிடலாம். பொதுவாக 40 வயதிலோ, அப்பாவுக்கு நோய் கண்டறிந்த வயதுக்கு 10 வருடம் முன்போ, எது முந்தி வருகிறதோ அப்போது தொடங்கச் சொல்வார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த முறை போகும்போது உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எப்போது செய்ய வேண்டும் என்று அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கேப்ஸ்யூலுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.